குளிரில் சும்மா கிடந்த ஏசி

கினிகத்தேனை தாண்டி இறக்கத்தில் போகும்போதுதான் எங்கள் காரில் ஏசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறவனுக்கு ஏசி எதற்கு? போன மார்ச்சில் அம்மாவைக் கொழும்புக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கித்துல்கல வந்ததும் சட்டை முதுகில் ஒட்டியது. பொத்தானை அழுத்தினால் வெறும் காற்றுத்தான். "அடுப்படியில உக்காந்த மாதிரி இருக்குடா" என்றார் அம்மா, பின்சீட்டிலிருந்து.

வழியில் ஒரு கடையில் ஏசிக்குக் கேஸ் அடித்தோம். ஜில்லென்று ஆனது. ஆகஸ்டில் மறுபடி இறங்கினால் அதே கதை. மறுபடி கேஸ். "கேஸ் குறையுறது வழக்கம்தானே" என்றார் அந்தக் கடைக்காரர். எனக்கு அங்கேதான் இடித்தது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோக இது என்ன எரிபொருளா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சாமான். ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியலாம், சரி. அஞ்சு மாதத்தில் காலியானால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஹட்டனில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "தம்பி, வருஷத்துக்கு எத்தனை தடவை ஏசி போடுவீங்க?"

"மூணு, நாலு தடவை இருக்கும் பாஸ்."

"அதான்."

கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரின் ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. கேஸோடு சேர்ந்து ஓடுகிற எண்ணெய்தான் அதை ஈரமாக வைத்திருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து, சீலின் உதடு காய்ந்துபோகும். கேஸ் அந்த வழியாக மெல்லப் போய்விடும். மலைநாட்டுக் கார்களுக்கு இது பெரிய தலைவலி என்றார். ஆனாலும் ஊகத்தை வைத்து அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. அதனால்தான் இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

முதலில் அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்டினார். காலை நேரம், 20 டிகிரி இருக்கும். இரண்டு முள்ளும் 70 பிஎஸ்ஐக்குச் சற்றுக் கீழே நின்றன. பரவாயில்லையே என்றேன். சிரித்தார். எங்கள் காரில் ஓடுவது ஆர்134ஏ என்கிற கேஸ். அது உள்ளே கொஞ்சம் திரவமாக மிச்சம் இருக்கும்வரை, நிறுத்தி வைத்த காரில் முள் காட்டுவது வெப்பநிலையைத்தான், அளவை இல்லை. இதே கார் கொழும்பில் 30 டிகிரியில் நின்றால் 97 பக்கம் காட்டும். மெஷினில் உறிஞ்சி எடுத்து நிறுத்துப் பார்த்தார். பானெட் ஸ்டிக்கரில் 350 கிராம் என்று இருக்கிறது. வந்தது 140.

சவர்க்கார நுரையில் ஒரு குமிழ்கூட வரவில்லை. சின்னக் கசிவுக்கு வராது; குளிரில் உள்ளழுத்தமும் குறைவு. அதனால் கேஸோடு, ஊதா வெளிச்சத்தில் மின்னுகிற சாயம் ஏற்றி, "ரெண்டு கிழமை தினமும் ஏசி போட்டு ஓட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

திரும்பிப் போனது இருட்டிய பிறகு. மஞ்சள் கண்ணாடி, ஊதா வெளிச்ச டார்ச். ரேடியேட்டர் ஹோஸ் பக்கம் பச்சையாக மின்னியதும் "இந்தா இருக்கு பாஸ்!" என்று கத்திவிட்டேன். அது கூலன்ட். அதுவும் அந்த வெளிச்சத்தில் மின்னுமாம். கேஸ் ஏற்றுகிற வால்வில் ஒரு பொட்டு இருந்தது. ஏற்றும்போது சிந்தியது, துடைத்துவிட்டார். அங்கே மூடி இல்லாததற்கு எனக்கு ஏச்சு கிடைத்தது. முன்னால் இருக்கும் கண்டென்சர், தோட்டத்து ரோட்டில் கல்லடி வாங்குகிற சாமான், அது சுத்தம். கடைசியில் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டிக் கண்ணாடியைக் கம்ப்ரசரின் பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்தார். பிராக்கெட் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தது போல ஒரு கோடு. சுழற்சியில் எண்ணெய் வீசியடித்த தடம். உறுதிக்கு எஞ்சினை நிறுத்திவிட்டு, மோப்பக் கருவியை அதற்குக் கீழே பிடித்தார். கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் இறங்கும். கருவி கத்தித் தள்ளியது.

சீல், ஓ-ரிங்குகள், ஈரம் உறிஞ்சுகிற ட்ரையர் மாற்றியாயிற்று. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார். டயருக்கு அடிக்கிற காற்றை இதில் விடவே கூடாது: அதில் ஈரம் இருக்கும், அழுத்தத்தில் இந்தக் கேஸும் காற்றும் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். பிறகு வெற்றிடப் பம்ப். முள் பாதரசக் கணக்கில் 25 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது.

"அண்ணே, பம்ப் வீக். 29 வரணும்னு கோர்ஸ்ல சொன்னாங்க" என்றான் உதவிக்கு நின்ற பையன்.

"கோர்ஸ் எங்கடா படிச்ச?"

"கொழும்புல."

"இது ஹட்டன்."

நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறோம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் இறங்குவதால், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். நுவரெலியாவில் 24தான் வரும். முள் எங்கே நிற்கிறது என்பதல்ல, வால்வை மூடியபின் திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று பேரும் பிளேன் டீ குடித்து முடித்தோம். முள் அசையவில்லை. பிறகு தராசில் வைத்து 350 கிராம்.

இப்போது ஞாயிறுதோறும் மத்தியானம் தலவாக்கலைப் பக்கம் போய் வருகிறோம். ஹீட்டரை வெந்நிலைக்குத் திருகி, கூடவே ஏசியையும் போடுவேன். மூடுபனியில் உள்பக்கம் வேர்த்த கண்ணாடி இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறது. முதல் வாரம் மனைவி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏங்க, இந்தக் குளிருல ஏசியா?" என்றார். சீல், எண்ணெய் எல்லாம் விளக்கினேன். "சரி, பத்து நிமிஷந்தான்" என்று மணியைப் பார்த்தார். இன்னமும் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறார்.