இரண்டு நாள் தள்ளி

"ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே, இபு." இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் போதகராக இருக்கும் நான், சபையின் ஒரு விதவை அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்.

அவர் கணவர் இறந்த ஆயிரமாவது நாள் வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு, நாற்பது, நூறு எல்லாவற்றுக்கும் நானே போய் ஜெபித்திருக்கிறேன். ஆயிரம் என்றதும் எனக்குத் தயக்கம். அன்றோடு ஆத்மா முழுதாக விடைபெறுகிறது என்பது ஊர் நம்பிக்கை. கல்லறைக்குக் கல் வைப்பதும் அப்புறம்தான். இரண்டு நாள் தள்ளினால், இது இறந்தவருக்கான ஸ்லமெத்தான் என்ற ஜாவாச் சடங்கு விருந்து இல்லை, இருப்பவர்களின் ஆறுதலுக்கான ஆராதனை என்று தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். கூம்பாகக் குவித்த தும்பெங் சோறு வேண்டாம், பலகாரம் போதும் என்றும் சொன்னேன். இப்போதும் அதில் பெரிய தப்பு தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"இங்கி, பாக்" என்றார். கிழக்கு ஜாவாவில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும், 'இங்கி'க்கு ஆம் என்று மட்டும் பொருள் இல்லை.

ஞாயிறன்று பாய் நிறைய ஆட்கள். முஸ்லிம் அண்டை வீட்டார் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் ஜெபத்துக்கு மெதுவாக ஆமீன் சொன்னார்கள். நன்றாகத்தான் நடந்தது. கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "வியாழன் ராத்திரியே எல்லா வீட்டுக்கும் பெசெக் அனுப்பிவிட்டார்களே." பெசெக் என்றால் சடங்குச் சோறு வைத்த மூங்கில் பெட்டி. ஜாவாக் கணக்கில் பொழுது சாய்ந்தால் மறுநாள், வியாழன் இரவு என்றால் வெள்ளிதான். ஆக, ஜெபம் இல்லாத சோறு ஒரு நாள், சோறு இல்லாத ஜெபம் இன்னொரு நாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரபாயாவில் எம்டெ என்ற ஐரோப்பியச் சுவிசேஷகர், ஞானஸ்நானம் பெற வந்த ஜாவாக்காரர்களை முடி வெட்டச் சொன்னார், ஜாவாவின் கமெலான் இசை வேண்டாம் என்றார். அதைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். ங்கோரோவில் கோலன் என்ற இன்னொரு சுவிசேஷகர் வயாங் என்ற நிழற்பொம்மலாட்டத்தை விடவில்லை, ஆனால் ஞானஸ்நானத்தையே தடுத்தார்; அவரையும் முழுதாக ஏற்க முடியவில்லை. மோஜோவார்னோ அறுவடைத் திருவிழாவில் நெல்லும் காய்கறியும் ஜோடித்த வண்டிகள் கோயிலுக்கு வரும்போது சந்தோஷமாகப் பின்னால் நடக்கிறேன். அறுவடைக்குச் சரி, சாவுக்கு மட்டும் ஏன் இல்லை? இறந்தவருக்காக ஜெபிப்பது நம் உபதேசத்தில் இல்லை என்ற பதில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் அதை ஏன் நேராகச் சொல்லவில்லை? தேதியை மாற்றி நழுவினேன்.

வியாழன் ராத்திரி என் வாசலிலும் ஒரு பெசெக் இருந்தது. சோறு, முட்டை, வாழையிலையில் அபெம் என்ற அரிசிமாவுப் பணியாரம் இரண்டு. சாவுச் சடங்குக்கு அபெம் கட்டாயம். அதைப் பார்த்தாவது உறைத்திருக்க வேண்டும். யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டேன்.