ஓடும்போது அணைந்து, மறுபடி கிளம்பும் டீசல் கார்

ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) மாட்டியதும், அது காட்டும் கோளாறுக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) அழித்துவிடாதீர்கள். கோளாறு வந்த நொடியின் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும்.

அவற்றைக் குறித்துக்கொண்டு, ஸ்கேனரோடு ஓட்டிப் பாருங்கள் (வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது, இன்னொருவர் வேண்டும்). எஞ்சின் கேட்கும் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயில் உள்ள அழுத்தம்), உண்மையில் கிடைக்கும் பிரஷர் இரண்டும் முக்கியம். இப்படிப் பொதுக் குழாய் உள்ள காமன் ரயில் எஞ்சினில் ஐடிலில் பெரும்பாலும் 250 முதல் 300 பார் இருக்கும். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது கேட்பது ஏறி, கிடைப்பது பின்தங்கினால் முதல் சந்தேகம் டீசல் வரத்து: ஃபில்டர் அடைப்பு அல்லது காற்று இழுப்பு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற டீசல் ஹோஸ் ஒரு துண்டு மாட்டுங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் காற்று புகுகிறது. ஃபில்டர் ஓ-ரிங்கையும் ஹோஸ் மூட்டுகளையும் பாருங்கள். உயர் அழுத்தக் குழாயை ஓடும் எஞ்சினில் தளர்த்தவே கூடாது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

சூடானால் அணைந்து, ஆறினால் கிளம்புகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 0 என்றே நின்றால் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதைக் கண்டு சொல்வது) அல்லது அதன் வயர் மீதுதான் சந்தேகம். சென்சாரை வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றி, உள்ளே உள்ள உலோகப் பின்களில் (pin) அரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.