திங்கட்கிழமை காலை என்ன செய்வீர்கள்?

எம்பிஏ இரண்டாம் ஆண்டில், நிச்சயமற்ற சூழலில் தலைமை பற்றிய விருப்பப் பாடம் எடுத்தேன். அதில் பாதிக்கு மேல் ராணுவச் சிந்தனைதான். இதே மாதிரி தாள் எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் தேர்வில் கேஸ் ஸ்டடிக்கு விடையாக, போரில் எழும் 'உராய்வு' (திட்டத்தைக் குலைக்கும் சின்னச் சின்ன தடங்கல்கள்) பற்றி ஜெர்மன் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸ் சொன்னது, அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் பாய்டின் ஊடா (OODA) சுழற்சி (பார், புரிந்துகொள், முடிவெடு, செயல்படு) என்று தெரிந்ததையெல்லாம் படம் போட்டு எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "சரி, திங்கட்கிழமை காலை என்ன செய்வீர்கள்?" அதன் பிறகு நான் படிக்கிற விதமே மாறியது.

இந்தப் பாடத்தின் உயிர் என்று நான் நினைப்பது, தளபதியின் நோக்கம் என்ற கருத்து. 1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் படை தன்னைச் சீர்திருத்திக்கொள்ளத் தொடங்கியது. 1857 முதல் அதன் போர்த் திட்டமிடல் தலைமையகத்தின் (General Staff) தலைவராக இருந்த மோல்ட்கே, எதிரியின் பிரதான படையோடு மோதிய பிறகு எந்தத் திட்டமும் அப்படியே நிற்காது என்று நம்பினார். அதனால் எதைச் சாதிக்க வேண்டும் என்பதை மேலே இருப்பவர் சொல்வார். எப்படி என்பதைக் களத்தில் இருப்பவர் முடிவு செய்வார்.

படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. வகுப்புப் பயிற்சியில்தான் உறைத்தது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவர். யார் எந்த சப்ளையரிடம் எத்தனை மணிக்குப் பேச வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, 'முக்கிய சப்ளையர் மூன்று வாரம் சரக்கு தர மாட்டார்' என்ற துண்டுச் சீட்டைக் குழுவிடம் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் ஒரு முடிவும் எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை. எதற்காக அந்தச் சரக்கு என்று நான் எங்குமே எழுதவில்லை.

அடுத்த முறை இரண்டே வரிதான் எழுதினேன்: "பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் சொன்ன தேதியில் சரக்கு போய்ச் சேர வேண்டும். அதற்காக இந்த மாத லாபம் குறைந்தாலும் பரவாயில்லை." இப்போதும் அதே மாதிரி சீட்டு வந்தது. நான் உள்ளே வருவதற்குள் கூடுதல் விலைக்கு வேறிடத்தில் வாங்க முடிவு செய்திருந்தார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லும் அந்த இரண்டாவது வரியை மறக்காமல் எழுதுங்கள். பலரும் விடுவது அதைத்தான்.

பாய்டின் சுழற்சியை வேகத்துக்கான சூத்திரமாக மனப்பாடம் செய்யாதீர்கள். பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்ற இரண்டாம் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. பழைய அனுபவமே அங்கே கண்ணை மறைக்கும். ஒவ்வொரு கேஸிலும் 'இவர் எதை இன்னும் பழைய கண்ணோடு பார்க்கிறார்?' என்று கேட்டுப் பழகினேன். அப்புறம், அமெரிக்க ராணுவம் பயிற்சிகளுக்குப் பின் கேட்கும் நான்கு கேள்விகளை ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் நண்பர்களோடு கேட்டுக்கொண்டேன்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவது.

போரோடு வணிகத்தை ஒப்பிடும் இந்த ஒப்புமை எங்கே உடைகிறது என்பதையும் விடையில் எழுதுங்கள். வாடிக்கையாளர் கைப்பற்ற வேண்டிய கோட்டை அல்ல. இன்றைய போட்டியாளர் நாளை பங்காளியாகலாம். ஊழியர் வேலையை விட்டுப் போகலாம், படைவீரரால் நினைத்தவுடன் அப்படிப் போக முடியாது.

இறுதித் தேர்வு கேஸில் வேண்டுமென்றே சில எண்களை விட்டிருந்தார்கள். நான் ஊகித்ததை ஊகம் என்றே குறித்து, ஒரு முடிவைச் சொல்லி, என்ன நடந்தால் அதைக் கைவிடுவேன் என்றும் எழுதினேன். இந்தக் கடைசிப் பகுதிக்கு இருபது நிமிடமாவது ஒதுக்கி வையுங்கள்.