மெட்டாலிக்காவும் அறுநூறு ரூபாய் ஆட்டோவும்

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் பெங்களூர் கச்சேரிக்குச் சேலத்திலிருந்து எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், அது நடந்த பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்தில் எந்தப் பக்கம் நுழைவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாகியும் இடது காதில் ஙொய்யென்ற சத்தம் நிற்கவில்லை. வரிசையை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபர் 30, ஞாயிறு. தீபாவளி புதன்கிழமை முடிந்திருந்தது. ஊருக்கு வந்த பெங்களூர் கம்ப்யூட்டர்காரர்கள் மொத்தப் பேரும் அதிரசத் தூக்கோடு திரும்பிப் போகும் நாள். இதை யோசிக்காமல் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போன என்னைவிட மடையன் கிடையாது. தொப்பூர் கணவாய் ஏறும்போது என் முழங்கால் ஒருவருடைய முறுக்கு டின்னில் இடித்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில்தான் உட்கார இடம் கிடைத்தது, அதுவும் கடைசி சீட்.

உடம்பு வலியைவிட பயம்தான் பெரிது. வெள்ளிக்கிழமை டெல்லி பக்கம் குர்கானில் நடக்க வேண்டிய இவர்களுடைய நிகழ்ச்சியில் தடுப்பு உடைந்து, நிகழ்ச்சியே ரத்தாகி, ஆத்திரத்தில் கூட்டம் மேடையை நொறுக்கியதை டிவியில் பார்த்திருந்தேன். பெங்களூரிலும் கையை விரித்துவிட்டால்? டிக்கெட் விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிப்பார்கள். டிக்கெட் போக பையில் இருந்தது 1,400 ரூபாய்.

அதில் நிம்மதியாகச் செலவழித்தது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். தொன்னை பிரியாணி. காய்ந்த இலையில் செய்த தொன்னை, சீரகச் சம்பா அரிசி, புதினாவும் மல்லியும் அரைத்துப் போட்டதில் சோறே லேசாகப் பச்சை. நம்ம ஊர் பிரியாணியின் சிவப்பு இதில் இல்லை. கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட நான்கு பேர் பேசாமல் சாப்பிட்டார்கள். எழுந்து போகும்போது ஒருவன் என் சட்டையைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் கொம்பு காட்டினான், மெட்டல் ரசிகர்களின் வணக்கம் அது. சேலத்தில் அந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டால் 'யாருடா செத்தது' என்றுதான் கேட்பார்கள்.

வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர் வாங்க ஒரு வரிசை, அந்த வரிசைக்கு டோக்கன் வாங்க இன்னொரு வரிசை. இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவரை மே மாதம் சேலத்தில் ஒரு நாள் அப்படி நிற்க வைக்க வேண்டும்.

விளக்கு அணைந்தது. இவர்கள் மேடை ஏறுமுன் எப்போதும் போடும், எனியோ மோரிக்கோனேயின் அந்தப் பழைய கௌபாய் பட இசை. வீடியோவில் நூறு தடவை கேட்டதுதான், இருந்தும் தொண்டை அடைத்தது. அப்புறம் முதல் பாட்டு, 'க்ரீப்பிங் டெத்'. டிரம்ஸை முதலில் கேட்டது காது இல்லை, விலா எலும்பு.

எல்லாப் பாட்டையும் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று. 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' எட்டரை நிமிடப் பாட்டு. நடுவில் வேகம் அடங்கி, கிட்டார் மட்டும் மெதுவாக அழும் ஒரு இடம் வரும். அங்கே வரியே கிடையாது. பதினோராம் வகுப்பிலிருந்து அதை மொட்டை மாடியில் ஹெட்போனில் கேட்டு, வாயை மூடிக்கொண்டு ஹம்மிங் செய்திருக்கிறேன். அது என்னுடைய பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அந்த இடம் வந்ததும் மைதானமே 'ஓ... ஓ...' என்று கிட்டாரைப் பாடியது! எனக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர், ஐம்பது வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுரம் பிசகாமல் பாடினார். நான் பாடவில்லை. அழுதேன் என்று எழுதினால் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், வியர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாட்டு 'சீக் அண்ட் டிஸ்ட்ராய்' முடிந்து வெளியே வந்தால் மேக்ரி சர்க்கிளில் கறுப்புச் சட்டைக் கடல், ஆட்டோக்காரர்களுக்கு இன்னொரு தீபாவளி. மடிவாளாவுக்குப் போனால் பஸ் பிடித்துவிடலாம். இரவு நேரம், மீட்டருக்கு ஒன்றரை மடங்கு கேட்டால்கூடச் சரி. ஒருவர், "நானும் தருமபுரிதான் தம்பி, உங்களுக்குன்னா அறுநூறு" என்றார். ஊர்ப்பாசத்துக்கு அறுநூறு என்றால் பாசமில்லாதவர்களுக்கு எவ்வளவோ! கடைசியில் குர்கானில் ஏமாந்து விமானம் ஏறி வந்திருந்த இரண்டு டெல்லிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு இருநூறு கொடுத்தோம். எனக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஓசூர் ரோடு வரும் வரை அதே கிட்டாரை மூவரும் வாயால் வாசித்தோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பிய பஸ்ஸில் டிரைவர் தொப்பூர் இறக்கத்தில் காட்டிய வேகம் இருக்கிறதே... இந்த இசைக்குழுவின் பழைய பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன், 1986-ல் ஸ்வீடனில் இவர்கள் போன பஸ் கவிழ்ந்துதான் செத்தார், வயது 24. அது அப்போதுதானா ஞாபகம் வர வேண்டும்?

செலவுக் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் பேரம் பேசி 150 ரூபாய்க்கு வாங்கிய டி-ஷர்ட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் போட்டிருந்த பெயரில் ஒரு எழுத்து குறைவு, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். முதல் அலசலிலேயே சாயம் விட்டது. அப்பாவின் வெள்ளை வேட்டி இப்போது சாம்பல் நிறம். அதைத்தான் கட்டிக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிறார். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.