வேறு ஏதேனும் ஆசியப் பின்னணி

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குப் புதினமாக இருந்த ஒரு விஷயம், இங்குள்ள பலருக்குத் தங்கள் இரத்த வகை என்னவென்றே தெரியாது. இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரத்திலேயே அது அச்சடித்திருக்கும். இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டையில்கூடப் பார்க்கலாம். இங்கே வேலையிடத்தில் பேச்சு வந்தபோது, ஐம்பது வயது தாண்டிய மேற்பார்வையாளர் "நான் கேட்டதே இல்லை, தேவை வந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். குடும்ப வைத்தியரும் சும்மா ஆசைக்குச் சோதித்துத் தரமாட்டார். பிள்ளைத்தாய்ச்சியானால், அறுவைச் சிகிச்சை என்று வந்தால், அல்லது இரத்ததானம் செய்தால் தெரியவரும். மற்றபடி யாருக்கும் அது பற்றிக் கவலையில்லை.

ஆனால் இனத்தைக் கேட்பார்கள். வைத்தியரிடம் பதிய, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வேலைக்கு விண்ணப்பிக்க, எல்லாப் படிவத்திலும் அந்தப் பெட்டிகள் இருக்கும். இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், சீனர் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'வேறு ஏதேனும் ஆசியப் பின்னணி' என்று ஒன்று. நாங்கள் அதற்குள்தான். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்தவளுக்கு, இனம் கேட்கும் எந்தப் படிவமும் சும்மா கேட்பதாகத் தோன்றாது. கன காலம் எரிச்சலோடுதான் அதில் சரி போட்டேன்.

அந்தக் கணக்கால் ஒரு பிரயோசனமும் உண்டு என்று விளங்கியது அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதானபோது.

நீரிழிவு எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. அத்தானுக்கு நாற்பதுக்கு முன்பே வந்தது. கடைசியில் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் டயாலிசிஸ் கதிரையில் கொண்டுபோய் இருத்தியது. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. உருளைக்கிழங்கை அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் அவித்துத்தான் அக்கா கறி வைப்பா. பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தாகம் எடுத்தால் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு, அது கரையும் வரைக்கும் பேசாமல் இருப்பார். பேச்சுக்காரனான மனுசன் அப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்த அன்று, அங்கிருந்த தாதி எதையும் ஒளிக்காமல் சொன்னா. அத்தான் பி வகை. பிரித்தானியாவில் நூறு பேரை எடுத்தால் பி வகைக்காரர் ஏறக்குறைய பத்துப் பேர்தான். தெற்காசியர்களில் அது இரண்டரை, மூன்று மடங்கு. இறந்தபின் உறுப்பைக் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர். காத்திருக்கும் பட்டியலிலோ எங்கள் ஆட்கள் சனத்தொகை விகிதத்தைவிட அதிகம். பி ஆளுக்கு ஓ வகைச் சிறுநீரகமும் பொருந்தும். ஆனால் ஓ ஆட்களுக்கு ஓவை விட்டால் வேறு வழியில்லை, அதனால் அதைப் பெரும்பாலும் அவர்களுக்கே வைத்துக்கொள்கிறார்கள். இரத்த வகை சரிவந்தாலும் திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சமூகத்துக்கும் வேறுபடும். ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு பி பொசிட்டிவ் ஆள் இருப்பார். இங்கே அதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி என்று தேடியபோதுதான் சலோனிக்கா கதை கிடைத்தது. முதலாம் உலகப் போரின் கடைசிக் காலம். கிரேக்கத்தின் அந்தத் துறைமுக நகரைச் சுற்றி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செர்பியர், ரஷ்யர், செனகல்காரர், மடகஸ்கார்க்காரர், வியட்நாமியர், இந்தியர் என்று உலகத்துப் படையெல்லாம் குவிந்திருந்தது. செர்பியப் படையோடு இருந்த போலந்து வைத்தியத் தம்பதி லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட், ஹன்னா ஹிர்ஸ்ஃபெல்ட், எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பற்றி எழுதி அப்போது இருபது வருடம்கூட ஆகவில்லை. 1919இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களுடைய கணக்கு வந்தது. ஆங்கிலேயரில் நூற்றுக்கு 43 பேர் ஏ, 7 பேர் பி. இந்தியச் சிப்பாய்களில் 19 பேர் ஏ, 41 பேர் பி. மேற்கேயிருந்து கிழக்கே போகப் போக ஏ குறைந்து பி கூடிக்கொண்டு போனது.

எண்கள் பெரும்பாலும் சரி. ஏயும் பியும் இரண்டு தனித்தனி ஆதி இனங்களிலிருந்து வந்தவை என்று அவர்கள் சொன்ன விளக்கம்தான் நிற்கவில்லை. இடப்பெயர்வு, சிறு கூட்டங்களில் தற்செயலாக ஒன்று பெருகி ஒன்று அருகிப்போவது, நோய்கள் எல்லாம் சேர்ந்துதான் இந்த வேறுபாடு வருகிறது. ஓ வகைக்காரருக்கு மலேரியா அவ்வளவு கடுமையாவதில்லை. தென் அமெரிக்கப் பழங்குடிகளில் ஏறத்தாழ எல்லாரும் ஓ. இரத்த வகையோடு சேர்த்துச் சொல்லும் நெகட்டிவ், அதாவது றீசஸ் நெகட்டிவ், ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினைந்து, எங்களில் ஐந்தளவில், சீனர் யப்பானியரில் ஒன்றுக்கும் குறைவு. என் தம்பியின் மனைவி ஆங்கிலேயப் பிள்ளை, ஓ நெகட்டிவ். 28ஆவது கிழமையில் அவளுக்கு ஆன்ட்டி-டி ஊசி போட்டபோது, "பிள்ளையின் இரத்தத்தோடு தாயின் இரத்தம் சண்டை பிடிக்குமாமே" என்று அம்மா போனில் பயந்துவிட்டா. அடுத்த பிள்ளைக்கு அப்படி ஒன்று வராமல் தடுக்கத்தான் அந்த ஊசி என்று விளங்கப்படுத்தப் பாதி இரவு போனது.

ஹிர்ஸ்ஃபெல்ட் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் இனவாதிகள் அந்த எண்களைத் தூக்கிக்கொண்டுபோய், ஏ வடதேசத்து உயர்ந்த இரத்தம், பி கிழக்கத்திய இரத்தம் என்று எழுதத் தொடங்கினார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த லுட்விக்கை நாஜிகள் வார்சா கெட்டோவுக்குள், யூதரை மதில் கட்டி அடைத்து வைத்த பகுதிக்குள், அடைத்தார்கள்; அதற்குள்ளேயும் அவர் மருத்துவம் படிப்பித்து, பிறகு தப்பினார். இனப் பெட்டியைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சல் வீணானதில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

அக்கா ஏ வகை, நேரடியாகக் கொடுக்க முடியாது. ஆனால் இங்கே 2007இலிருந்து ஒரு பகிர்வுத் திட்டம் இருக்கிறது: இரத்தம் பொருந்தாத சோடிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். வருடத்துக்கு நாலு தரம் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். சில சுற்று ஒன்றும் சரிவரவில்லை, பிறகு ஒன்று வந்தது. அக்காவின் சிறுநீரகம் எங்கோ ஒரு ஏ ஆளுக்குப் போனது, அந்த ஆளின் பி சொந்தக்காரர் ஒருவருடையது அத்தானுக்கு வந்தது. பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. கொடுத்தது யாழ்ப்பாணத்து ஆள்தான் என்று அக்கா முடிவே கட்டிவிட்டா. "யோர்க்‌ஷயர் வெள்ளைக்காரனாகவும் இருக்கலாம் அக்கா, அவர்களிலும் பத்துக்கு ஒருவர் பி" என்றேன். "அப்ப ஏன் இவருக்குப் பிட்டில இவ்வளவு ஆசை வந்தது?" என்று கேட்டா. அத்தானுக்கு முன்பும் பிட்டில் ஆசைதான்.

அதற்குப் பிறகுதான் நான் இரத்தம் கொடுக்கப் போகத் தொடங்கினேன். தென் லண்டனில் டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைகளில் இருந்து எட்டி நடந்தால் கொடையாளர் நிலையம். மலேரியா உள்ள நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்தவர்களுக்கு முதலில் அதற்கென்று ஒரு பரிசோதனை. 90களின் வன்னியில் இருந்த என்னை அவர்கள் எப்படி விடுவார்கள்? அது முடிந்து கொடுத்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று பிறகு குறுஞ்செய்தி வரும். அங்கேதான் ஆர்ஓ என்று ஒரு இரத்த உபவகை இருப்பதும் தெரிந்தது. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது அது. மொத்தக் கொடையாளரில் நூற்றுக்கு இரண்டு பேரிடம்தான் உண்டு. ஆப்பிரிக்க, கரீபியக் கொடையாளரில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை இரத்த நோயால் மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கும் இப்படித்தான், ஏபிஓவைத் தாண்டி நுணுக்கமாகப் பொருத்தம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும், அதன்பிறகு பொருந்துகிற இரத்தம் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

போன தரம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்துக் காணாது, சில மாதம் கழித்து வாங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் லீட்டருக்கு 125 கிராம் வேண்டும். எங்கள் பெண்களில் பலர் அந்த இடத்தில்தான் திரும்பிவருகிறார்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காதே என்று அந்தத் தாதி சொல்லிவிட்டதுதான் மச்சாளுக்குத் தாங்கவில்லை. வரும் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தா.