தலை வந்து சேர்ந்த ஊர்

சீக்கியர்களின் புனித நகரம் என்றதும் பெரும்பாலோருக்கு அமிர்தசரஸும் பொற்கோவிலும்தான் நினைவுக்கு வரும். எனக்கோ, சீக்கிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாள்முதல், பஞ்சாபில் சிவாலிக் மலையடிவாரத்தில் சட்லஜ் ஆற்றுக்கு அருகே அமைந்த ஆனந்த்பூர் சாஹிபே முதலில் நினைவுக்கு வருகிறது. பெயரில் ஆனந்தம் இருந்தாலும், இவ்வூரின் கதை தலை கொடுத்தவர்களின் கதை.

ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1665இல் இங்கே நிலத்தை விலைகொடுத்து வாங்கி, தம் தாயாரின் பெயரால் சக் நானகி என்ற ஊரை அமைத்தார். மதம் மாறும்படி நெருக்கப்பட்ட காஷ்மீரப் பண்டிதர்கள் பத்தாண்டுகளுக்குப் பின் அவரிடம் முறையிட வந்ததும் இங்கேதான். தாம் அணியாத பூணூலுக்காக வாதாடப் புறப்பட்ட அந்தக் குரு, ஔரங்கசீப்பின் ஆட்சியில், 1675 நவம்பரில் தில்லியின் சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த பாயி ஜைதா, காவலுக்குத் தப்பி அத்தலையை ஆனந்த்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதைப் பெற்றுக்கொண்ட மகன் கோபிந்த் ராய்க்கு அப்போது ஒன்பது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. தலை எரியூட்டப்பட்ட இடத்தில் இன்று நிற்பது சீஸ் கஞ்ச் குருத்வாரா. சீஸ் என்றால் தலை.

அந்தச் சிறுவனே பத்தாம் குருவாக வளர்ந்து, 1699இல் வைசாகி என்னும் அறுவடைத் திருநாளில், கேஸ்கட் மேட்டில் திரண்டிருந்த கூட்டத்தின் முன் உருவிய வாளோடு நின்று தலை கேட்டார். ஐவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். லாகூர், ஹஸ்தினாபுரம், பூரி, துவாரகை, பீதர் என வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்த அவர்களுள் தண்ணீர் சுமப்பவரும் நாவிதரும் இருந்தனர் என்கிறது மரபு.

வாள் காட்சியைத்தான் எல்லோரும் விரிவாகச் சொல்வார்கள்; அதன்பின் நடந்ததே பெரிது என்பது என் எண்ணம். இரும்புக் கிண்ணத்தில் ஊற்றிய நீரில் குருவின் துணைவியார் பதாசா என்னும் சர்க்கரை வில்லைகளைப் போட, குரு மறை ஓதியபடியே இருபுறமும் கூரான கண்டா வாளால் அதைக் கலக்கினார். ஒருவர் தொட்ட நீரை மற்றவர் தொடாத காலத்தில், ஐவரும் அந்த ஒரே கிண்ணத்திலிருந்து அமிர்தம் அருந்தினர். பிறகு குருவே அவர்கள்முன் கைகூப்பி நின்று, தமக்கும் அதை அளிக்கும்படி வேண்டினார். கோபிந்த் ராய் கோபிந்த் சிங் ஆனது அவர்கள் கையால்தான். சீடரிடமே தீட்சை பெற்ற குருவை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இப்படி அமிர்தம் பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சா பிறந்த அந்த மேட்டில் உள்ள கேஸ்கட் சாஹிப், தக்துகள் எனப்படும் சீக்கியர்களின் ஐந்து உயர் சமய பீடங்களுள் ஒன்று. குருவின் ஆயுதங்கள் அங்கே காக்கப்படுகின்றன. முகலாயரும் மலைநாட்டு அரசர்களும் சேர்ந்து நடத்திய நீண்ட முற்றுகையின் முடிவில் குரு இவ்வூரை விட்டு வெளியேறினார். ஆற்று வெள்ளத்தில் குடும்பமே பிரிந்தது, சில நாள்களுக்குள் நான்கு மகன்களும் மாண்டனர். ஆனால் அவர் இங்கே தொடங்கிவைத்த ஹோலா மொஹல்லா என்னும் போர்க்கலை விழா நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஹோலியையொட்டி, நீலத் தலைப்பாகை அணிந்த நிஹாங்குகள் என்னும் சீக்கியப் போர்வீரர்கள் இதே ஊரில் குதிரையேறி வாள் சுழற்றுகிறார்கள்.