இழுத்தால்தான் கிழியும்: வடசென்னைப் பாம்பு வளர்ப்பு நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

நேற்று தீனி நாள். வளர்ப்புப் பாம்பு கடிப்பதும் பெரும்பாலும் தீனி நாளில்தான்.

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று பால் பைத்தான், ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு. இன்னொன்று கார்ன் ஸ்நேக், அமெரிக்கப் பாம்பு, நம் சாரைக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுக்கும் விஷம் கிடையாது. பெயரைப் பார்த்துவிட்டு 'பால் ஊற்றலாமா' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அந்தப் பந்துதான் இந்த 'பால்'. எந்தப் பாம்புக்கும் பால் ஆகாரமில்லை.

கடியும் இரண்டு வகை. பயத்தில் கடிப்பது ஒன்று. கழுத்தை மடித்து, சீறி, ஒரு வெட்டு வெட்டிவிட்டு உடனே வாயை எடுத்துவிடும். தீனி என்று நினைத்துக் கடிப்பது இன்னொன்று. இதில் சீறல் இருக்காது. நாக்கை நீட்டி நீட்டி, தலை மெதுவாகக் கையின் பின்னாலேயே வரும். பிடித்தால் விடாது, கையோடு உடம்பையும் சுற்றிவிடும். அதன் கணக்கில் அது எலியைப் பிடித்திருக்கிறது.

பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சூட்டை உணர்கிற குழிகள் அவை. எலி வாசனை காற்றில் இருக்கும்போது சூடாக எது குறுக்கே வந்தாலும் அது எலிதான், நம் கையும் அதில் அடக்கம். கார்ன் ஸ்நேக்குக்குக் குழி கிடையாது. அது வாசனையையும் அசைவையும் நம்புகிறது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு மொட்டை மாடிகளில் புறாக் கூண்டு சாதாரணம். காட்டில் பால் பைத்தான், அதிலும் சின்ன ஆண் பாம்புகள், பறவைகளையும் தின்னும். கூண்டைச் சுத்தம் செய்த கையோடு பாம்புத் தொட்டியைத் திறந்தால், 'இவ்வளவு நாள் சாதுவாக இருந்ததே' என்று பிறகு புலம்பிப் பயனில்லை. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத் திறக்க வேண்டும். சானிடைசர் போதாது. கிருமி செத்தாலும் புறா வாசனை போகாது.

செப்டம்பர் 10, புதன்

பிடித்துக்கொண்டு விடாத கடியைப் பற்றி. கை தானாகப் பின்னால் இழுக்கும், அதை அடக்குவதுதான் முழு வேலையும்.

மலைப்பாம்பு இனத்தின் வாயில் மேலே நான்கு வரிசைப் பல், கீழே இரண்டு. எல்லாமே தொண்டையைப் பார்த்து வளைந்த ஊசிகள். தூண்டில் முள்ளைப் பார்த்திருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். உள்ளே போன முள்ளை வந்த வழியே இழுத்தால் சதையோடுதான் வரும். குத்தின இடம் புள்ளியாக ஆறிவிடும், இழுத்த இடம் கோடாகக் கிழியும். பாம்புக்கும் பல் உடையும், ஈறு கிழியும்.

முதலில், பாம்பு பிடித்த கையை மேசை மேலோ தரை மேலோ இறக்கிவிட வேண்டும். பாம்பின் எடை காற்றில் தொங்கினால் அதுவே இழுப்புதான். அரை நிமிடம் அசையாமல் இருந்தால், 'இது எலி இல்லை' என்று புரிந்து தானே விட்டுவிடுவதும் உண்டு. விடாவிட்டால் குழாயடிக்குப் போய் மெல்லிய தாரையாகப் பச்சைத் தண்ணீரை அதன் முகத்தில் விட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றலாம். வெந்நீர் கூடாது.

சுற்றியிருந்தால் வால் பக்கமிருந்து பிரிக்க வேண்டும். வாலில் பலம் குறைவு, ஒரு சுற்று கழன்றால் அடுத்தது தானே தளரும். தலைப்பக்கம் ஆரம்பித்தால் இன்னும் இறுக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால்தான் வாயில் கைவைப்பது. பிடிபட்ட விரலைப் பின்னால் இழுக்காமல், அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தொண்டைப் பக்கம் தள்ள வேண்டும். கொக்கி கழன்று கொடுக்கும். அந்த நொடியில் பழைய ஏடிஎம் கார்டை முன்பக்கமாக மேல் தாடைக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்து மேல் தாடையைத் தூக்க வேண்டும், பிறகு கீழ்த் தாடை. கரண்டிக் காம்பு, ஸ்க்ரூடிரைவர், கத்தி எதுவும் வேண்டாம். தாடை எலும்பு குச்சி போன்றது.

பிராந்தியை வாயில் விட்டால் விட்டுவிடும் என்பார்கள். விடும், பொய்யில்லை. ஆனால் மூச்சுக்குழலின் வாய் பாம்புக்கு நாக்குக்கு மேலேயே இருக்கிறது, ஊற்றினது நுரையீரலுக்குப் போகும். தண்ணீரிலேயே வேலை முடியும்போது அது எதற்கு? மூக்கில் நெருப்பு காட்டுவது, வாலைக் கடிப்பது பற்றியெல்லாம் பேசவே வேண்டாம்.

எட்டடிக்கு மேல் வளர்கிற இனம் வைத்திருப்பவர்கள், வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லாமல் தொட்டியைத் திறக்கவே கூடாது. கழுத்துப் பக்கம் சுற்றினால் தனி ஆளால் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

காயம். சின்னக் கடிக்கும் ரத்தம் நிறையவே வரும். பல் ரேசர் போலக் கூர்மை, துளை சுத்தமாக விழும், அதனால்தான். பயப்பட வேண்டாம். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கின பிறகு கழலாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு ஐந்து நிமிடம் கழுவி, துடைத்து, பெட்டாடின் தடவி, காஸ் துணியால் லேசாக மூடினால் போதும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் துளைக்குள் போகக் கூடாது.

பலர் விட்டுவிடுவது உடைந்த பல்லைத்தான். வஞ்சிர முள்ளின் நுனியைவிட மெலிசு, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், நேரே பார்த்தால் தெரியாது. டார்ச்சைத் தோலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஒரு மினுக்கல் தெரியும். அப்படியும் தெரியவில்லை என்றால் கொஞ்சம் பஞ்சைக் காயத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம், நூல் சிக்குகிற இடத்தில் பல் இருக்கிறது. நுனி மெலிந்த சாமணத்தால் பல் வளைந்த திசையிலேயே எடுக்க வேண்டும். ஆழத்தில் இருந்தால் தோண்டாமல் டாக்டரிடம் போவது நல்லது. தங்கிப்போன துண்டு பல நாள் கழித்துச் சீழோடு எட்டிப் பார்க்கும்.

டி.டி. ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்வது நல்லது. நாய்க்கடி ஊசி தேவையில்லை. ரேபிஸ் பாலூட்டிகளின் நோய், பாம்புக்கு வராது. முதல் இரண்டு நாள் கவனம். சிவப்பு பரவுவது, சூடு, துடிக்கிற வலி, சீழ், கையில் மேலேறும் சிவப்புக் கோடு, காய்ச்சல், இதில் ஏதாவது வந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும். விரல் மூட்டு, கண் பக்கம் கடி என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் அன்றைக்கே காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் அப்படித்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தீனி முறை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலியை மூடியுள்ள டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து உருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் கவரோடு 40 டிகிரி அளவு வெந்நீரில் பத்துப் பதினைந்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம், வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், வயிறு வெடித்தால் நாற்றம் தாங்காது. எலியின் பருமன் பாம்பின் பருத்த இடத்தை மீறக் கூடாது. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த இடுக்கி இருந்தும் இல்லாததுதான். எலியின் தலை சூடாக இருந்தால், நம் கையைவிட அதைத்தான் பாம்பு முதலில் குறிவைக்கும். எலி ஆறிப்போனால் அந்த இடத்தில் சூடான பொருள் கை ஒன்றுதான். கடிகளில் பாதி ஆறின எலியால் வருகிறது என்பது எங்கள் கணிப்பு.

தனி டப்பாவில் வைத்துத் தீனி போட்டால் பாம்பு கையைத் தீனியாக நினைக்காது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. எங்களுக்கு உடன்பாடில்லை. தின்று முடித்த வேகத்தில் இருக்கிற பாம்பைத் திரும்பக் கையால் தூக்க வேண்டியிருக்கிறதே. தொட்டியிலேயே போடலாம். மற்ற நாளில் திறந்ததும் கம்பிக் கொக்கியால் முதுகில் ஒரு தட்டு தட்டினால் போதும். தட்டினால் தீனி இல்லை என்று சில வாரங்களில் பழகிவிடும். தின்ற பிறகு 48 மணி நேரம் தொடவே கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

காகிதம் பற்றிக் கொஞ்சம். இதற்கும் கடிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

சாரை, மண்ணுளி, நம்மூர் மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. பால் பைத்தான் சைட்டீஸ் என்ற சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

பதியாதவர் கடிபட்டால் கேஷுவாலிட்டியில் உண்மையைச் சொல்லப் பயப்படுகிறார். 'தெருவில் ஏதோ பாம்பு கடித்தது' என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் டாக்டர் என்ன செய்வார்? தெரியாத பாம்பு என்றால் 24 மணி நேரம் படுக்கவைத்துக் கண்காணிப்பார். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம். இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நடுவில் பயத்தில் வருகிற படபடப்பும் வாந்தியும் விஷக் குறியாகத் தெரிந்தால் ஆபத்து வேறு. விஷமுறிவு மருந்து குதிரைச் சீரம், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்யப்பட்டது அது. பைத்தான் கடிக்கு அதில் வேலையே இல்லை.

ஆகவே தொட்டிமேல் ஒரு அட்டை ஒட்டி வைக்கலாம். பாம்பின் பெயர், அறிவியல் பெயர் (பால் பைத்தானுக்கு பைத்தான் ரீஜியஸ்), நீளம், 'விஷமில்லாதது' என்ற ஒரு வரி, பக்கத்தில் தெளிவான போட்டோ. போகும்போது போனில் படம் எடுத்துப் போனால் போதும், பாம்பைப் பையில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

ஹாக்நோஸ் என்ற அமெரிக்கப் பாம்பை வைத்திருப்பவர்கள் அட்டையில் வேறு மாதிரி எழுத வேண்டும். அதற்கு வாயின் பின்பக்கம் பெரிய பல், மிதமான விஷம். மென்றுகொண்டே பிடித்திருந்தால் கை வீங்கிக் கொப்புளம் வரும். அது தானே விடும் என்று காத்திருக்கக் கூடாது, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். நம்மூர் விஷமுறிவு மருந்து அதற்கும் உதவாது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் வெடியின் அதிர்வு நன்றாகத் தெரியும். தொட்டியைத் தெருப்பக்கச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் மடித்த போர்வை போட்டு, துணியால் மூடிவிடலாம். மூன்று நாளைக்குத் தீனியும் இல்லை, தூக்குவதும் இல்லை.

சட்டை உரிக்கப் போகிற பாம்புக்கும் இதே விதிதான். கண் நீலம் பூத்து மங்கியிருக்கும்போது அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது, நிழல் விழுந்தாலே வெட்டும். கண் தெளிந்தாலும், சட்டை கழன்று விழும் வரை காத்திருப்பது நல்லது.

அக்டோபர் 26, ஞாயிறு

கடித்த பாம்பையும் பார்க்க வேண்டும். உடைந்த பல் மறுபடி முளைக்கும், அது கவலையில்லை. ஈறு சிவந்தோ, வாயோரம் தயிர்க்கட்டி போல வெள்ளையாகவோ, வாய் சரியாக மூடாமலோ இருந்தால் வாய்ப்புண், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடித்த நாளில் திரும்பத் தீனி காட்டாமல் ஒரு வாரம் விட்டுவிடலாம்.

தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவது வேண்டாம். வீட்டுக்கு ஒரே குழாய் என்றால் பாத்ரூம் பக்கெட்டில். பாம்பின் கழிவில் இருக்கும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி கடி இல்லாமலும் தொற்றும். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கிற வீட்டில் பாம்பே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

நவம்பர் 9, ஞாயிறு

மழைக்காலம். கொடுங்கையூர், எண்ணூர், மணலி பக்கம் தண்ணீர் ஏறினால் வெளிப்பாம்பும் உள்ளே வரும். அதே நேரம் கரண்ட் போய், இருட்டில் தொட்டி மூடி சரியாக மூடாமல், வளர்ப்புப் பாம்பும் வெளியே போகும். 'நம்ம பாம்புதான்' என்று கையை நீட்டுகிற இடம் இதுதான், இந்தக் குறிப்பில் உயிர் போகக்கூடிய ஒரே கடியும் இதுதான்.

கலிபோர்னியா கிங்ஸ்நேக் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை எச்சரிக்கை. கறுப்பில் வெள்ளைப் பட்டை, டார்ச் வெளிச்சத்தில் கட்டுவிரியனுக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் போகலாம். சில மணி நேரத்தில் வயிற்று வலி வரும், இமை தொங்கும், பிறகு மூச்சு அடங்கும். பல் தடத்தைப் பார்த்து விஷமா இல்லையா என்று தீர்ப்பு எழுதக் கூடாது. எந்தப் பாம்பு என்று துளி சந்தேகம் இருந்தாலும் விஷக்கடிதான். கட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கையை அட்டை வைத்து அசையாமல் கட்டி, 108.

பாம்பு காணாமல் போனால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவ வேண்டாம். ராத்திரி எல்லா வாசற்படியிலும் மாவை மெல்லிய கோடாகத் தூவி, விளக்கை அணைத்துவிட்டால் காலையில் எந்த அறையில் இருக்கிறது என்று தடம் சொல்லும். பால் பைத்தான் சூடு தேடிப் போகும், ஃப்ரிட்ஜ் மோட்டார், இன்வெர்ட்டர், டிவிக்குப் பின்புறம் முதலில் பார்க்க வேண்டும். கண்டுபிடித்ததும் எடுத்துவிடக் கூடாது. மூன்றடி தள்ளி நின்று டார்ச் அடித்து, முதுகுக் கோலத்தைப் போனில் இருக்கிற படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் கொக்கி. பொருந்தவில்லை என்றால் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி திணித்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.